பீட்சாக் கடையில் பிழைத்த ஆர்கன்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் மேசா என்றோர் ஊர் இருக்கிறது. அங்கே 'ஆர்கன் ஸ்டாப் பீட்சா' என்ற உணவகத்தில், சீஸ் மணமும் குழந்தைகளின் கூச்சலும் நிறைந்த கூடத்தில், குதிரை லாடம்போல் வளைந்த ஒரு பெரிய வாத்திய மேடை சுழன்றபடி கீழிருந்து எழுந்து வரும். அதன்முன் அமர்ந்திருப்பவர் நான்கு அடுக்குக் கட்டைகளில் இரண்டு கைகளையும், தரையோரத்து மிதிகட்டைகளில் இரண்டு கால்களையும் ஓடவிட்டபடி வாசித்துக்கொண்டிருப்பார். சுற்றிலும் ஏறத்தாழ 6,000 குழல்கள் ஒலிக்கும். முரசு முழங்கும், மணி ஒலிக்கும், பாட்டுக்கு ஏற்றாற்போல் பொம்மைப் பூனைகள் ஆடும். இந்த வாத்தியத்தின் மூல வடிவம், 1927-இல் டென்வர் நகரத்துத் திரையரங்கு ஒன்றுக்காக வுர்லிட்சர் நிறுவனம் செய்து கொடுத்த ஆர்கன். தொன்மையைக் காப்பதில் அக்கறையுள்ளவர்கள் பலர் இந்தக் காட்சியைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள். நூறாண்டை நெருங்கும் அரிய வாத்தியத்துக்குப் பீட்சாத் தட்டுகளுக்கு நடுவிலா இடம் என்பது அவர்கள் கேள்வி. கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் திரையரங்கு ஆர்கன்களின் வரலாற்றைக் கூர்ந்து பார்த்தால் முடிவு வேறு பக்கம் சாய்கிறது. பூட்டிப் பத்திரப்படுத்தியதால் பிழைத்தவை சிலவே. ஏதோ ஒரு வேலை கிடைத்ததால் பிழைத்தவைதான் மிகுதி. பீட்சாக் கடையும் அப்படி ஒரு வேலைதான்.

முதலில் இந்த வாத்தியம் என்ன என்று பார்த்துவிடலாம். ஆர்மோனியப் பெட்டியை அறிந்தவர்களுக்கு இதில் கால்பங்கு ஏற்கெனவே தெரியும். துருத்தி காற்றைத் தள்ளுகிறது, கட்டையை அழுத்தினால் அந்தக் காற்றுக்கு வழி திறக்கிறது. ஆர்மோனியத்தில் அந்தக் காற்று உலோக நாக்கை அதிரவைப்பதோடு சரி. பைப் ஆர்கனில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தனிக் குழல் உண்டு. சில குழல்கள் புல்லாங்குழல்போல் வாய்விளிம்பில் காற்று மோதி ஒலிப்பவை. சில, நாதஸ்வரத்தின் சீவாளிபோல், அடியில் துடிக்கும் பித்தளை நாக்கால் ஒலிப்பவை. ஒரே குரல்வளம் கொண்ட குழல்களின் தொகுதியை ஒரு வரிசை என்கிறார்கள். தேவாலய ஆர்கனிலும் இதே ஏற்பாடுதான். திரையரங்கு ஆர்கன் வேறுபடுவது மூன்று இடங்களில். ஒன்று காற்றின் அழுத்தம். ஆர்கன்காரர்கள் காற்றழுத்தத்தை அது தூக்கி நிறுத்தும் நீரின் உயரத்தால் அளப்பார்கள். தேவாலயத்தில் அது மூன்று நான்கு அங்குலமாக இருந்தால், வுர்லிட்சரில் பத்து அங்குலம் சாதாரணம், சில வரிசைகளுக்கு 15, 25 அங்குலம்கூட உண்டு. இரண்டாவது, காற்றையே சீராக உலுக்கிக் குரலை அசைய வைக்கும் டிரெமுலண்ட் என்ற கருவி. 'டிபியா' என்ற மரக்குழல் வரிசை இந்த அசைவோடு ஒலிக்கும்போது ஏற்படும் குழைவுதான் திரையரங்கு ஆர்கனின் தனிக் குரல். மூன்றாவது, நிஜ வாத்தியங்கள். முரசு, ஜால்ரா, சைலபோன், மணிகள், சில இடங்களில் முழுப் பியானோவும் மேலே குழலறைக்குள் அமர்ந்திருக்கும். கீழே கட்டையைத் தொட்டால் மேலே காற்றின் விசையால் சுத்தியலோ கோலோ அதன்மேல் விழும். ரயில் ஊதல், குதிரைக் குளம்போசை, பறவைக் குரல், கதவு மணி என்று ஓசைகளுக்கும் தனிப் பொத்தான்கள் உண்டு.

இத்தனையையும் ஒருவர் கைக்குள் கொண்டுவந்தவர் ராபர்ட் ஹோப்-ஜோன்ஸ். 1859-இல் இங்கிலாந்தில் பிறந்தவர், தொழிலால் தொலைபேசிப் பொறியாளர். கட்டைக்கும் குழலுக்கும் இடையே இருந்த மரக்கோல்களையும் நெம்புகோல்களையும் ஒதுக்கிவிட்டு மின்கம்பியைப் போட்டார். கட்டையை அழுத்தினால் மின்சாரம் ஓடும். குழலின் அடியில் உள்ள சிறு மின்காந்தம் இழுக்கும். தோலாலான குட்டித் துருத்தி ஒன்று சுருங்கும். அடைப்பிதழ் திறந்து குழல் பேசும். இணைப்பு வெறும் கம்பியாகிவிட்டதும் வேறொரு வசதி தானாக வந்தது. ஒரே வரிசையை எந்தக் கட்டை அடுக்கிலிருந்தும், எந்த ஸ்தாயியிலும் வாசிக்கலாம். பழைய ஆர்கனில் நூறு நிறுத்திகள் (குரலைத் தேர்ந்தெடுக்கும் பொத்தான்கள்) வேண்டுமென்றால் ஏறக்குறைய அத்தனை வரிசைகள் வேண்டும். இவருடைய முறையில் பத்துப் பன்னிரண்டு வரிசைகளைக் கொண்டே நூற்றுக்கும் மேற்பட்ட நிறுத்திகளை அமைத்துவிடலாம். மரபான ஆர்கன் கலைஞர்களுக்கு இது ஏமாற்று வித்தையாகப் பட்டது. ஹோப்-ஜோன்ஸ் 1903-இல் அமெரிக்கா போனார். எல்மைரா நகரில் அவர் தொடங்கிய நிறுவனம் 1910-இல் நொடித்தது. அவருடைய காப்புரிமைகளை வாங்கிக்கொண்ட வுர்லிட்சர், நியூயார்க் மாநிலத்தின் நார்த் டோனவாண்டாவில் தொழிற்சாலையை நடத்தியது. அங்கே அவருக்கு வேலை இருந்தது, அதிகாரம் இல்லை. 1914-இல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். அவர் கண்டுபிடிப்பு பணமாகக் கொட்டியது அதற்குப் பிறகுதான்.

ஊமைப் படக் காலத்தில் நம் ஊர்க் கொட்டகைகளில் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்ல ஓர் ஆள் இருந்ததை முதியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். அமெரிக்கக் கொட்டகைகளில் அந்த இடத்தை இசை பிடித்துக்கொண்டது. பெரிய அரங்குகள் முழு இசைக்குழுவை வைத்திருந்தன. அத்தனை பேருக்கும் வாரச் சம்பளம் கொடுக்க முடியாத முதலாளிகளுக்கு, ஒருவரே வாசிக்கும் இசைக்குழு என்று ஆர்கனை விற்றார்கள். வுர்லிட்சர் தன் வாத்தியத்துக்கு 'யூனிட் ஆர்க்கெஸ்ட்ரா' என்று பெயர் வைத்ததே அதனால்தான். இந்த ஒரு செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இது புனிதக் கருவியாகப் பிறக்கவில்லை. டிக்கெட் விற்கப் பிறந்தது. 1920-களின் நடுவில் அந்த ஒரு தொழிற்சாலையிலிருந்தே வேலைநாளுக்கு ஒன்று என்ற கணக்கில் ஆர்கன்கள் ரயிலேறின. மொத்தத்தில் வுர்லிட்சர் செய்தவை 2,200-க்கும் மேல். ராபர்ட் மார்ட்டன், கிம்பல், மோலர், பிரிட்டனில் காம்ப்டன் என்று போட்டி நிறுவனங்களும் இருந்தன. 1927 அக்டோபரில் 'தி ஜாஸ் சிங்கர்' திரையில் வாய்திறந்தது. இரண்டு மூன்று ஆண்டுகளில் ஆர்கன் கலைஞர்களின் வேலை போயிற்று. வினோதம் என்னவென்றால், மிகப் பெரிய ஆர்கன்களில் சில அதற்குப் பிறகு வந்தவை. அட்லாண்டா ஃபாக்ஸ் அரங்கின் ஆர்கன் 1929-ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் நாளில் அரங்கேறியது. நியூயார்க்கின் ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலில் 58 வரிசைகளோடு, இரட்டை வாத்திய மேடையோடு வந்தது 1932-இல். அதற்குள் பேசும் படம் வென்றுவிட்டிருந்தது.

வேலை போன கருவிக்கு என்ன நேரும் என்பதை அடுத்த இருபது ஆண்டுகள் காட்டின. குழலறைகள் அரங்கின் இரு பக்கமும் கூரைக்கு அருகே இருப்பவை. கூரை ஒழுகினால் முதலில் நனைவது அவைதான். சினிமாஸ்கோப் திரை வந்தபோது இடம் போதாமல் வாத்திய மேடையைத் தூக்கி ஓரம் கட்டினார்கள். போர்க்காலத்தில் உலோகத்துக்காகக் குழல்கள் உருகிப் போயின. காற்றுக்குழாய்களை அறுத்து வழிவிட்டுக் குளிர்சாதனக் குழாய்களைக் கொண்டுபோனார்கள். யாரும் ஆர்கன்மேல் பகை கொண்டு இதைச் செய்யவில்லை. பயன் இல்லாத பொருள் கண்ணில் படாது, அவ்வளவுதான். ஆனால் கேடு வெளியிலிருந்து மட்டும் வரவில்லை. ஒவ்வொரு குழலுக்கும் அடியில் இருக்கும் தோல் துருத்தி ஒரு பெரிய ஆர்கனில் ஆயிரக்கணக்கில் இருக்கும். தோல் சில பத்தாண்டுகளில் விறைத்து வெடிக்கும். கட்டைகளுக்கும், அவற்றின் மின்குறியைக் குழல்களுக்கு அனுப்பும் தொடர்புப் பெட்டிக்கும் உள்ள வெள்ளித் தொடுமுனைகள் சும்மா கிடந்தால் கறுத்துப்போகும், வாசித்தால் ஒன்றோடொன்று உரசித் தாமே துலங்கும். நாக்குக் குழலுக்குள் ஒரு துகள் தூசு விழுந்தால் அது ஊமையாகும், அல்லது கரகரக்கும். யாராவது வாசித்தால்தான் எது ஊமை என்றே தெரியும். வாரந்தோறும் வாசிக்கப்படும் ஆர்கனில் ஒரு குழல் பழுதானால் அடுத்த வாரம் ஒருவர் ஏணி ஏறுகிறார். பூட்டிய ஆர்கனில் ஆயிரம் குழல்கள் பழுதான பிறகுதான் செய்தி வெளியே வருகிறது. அப்போது ஆகும் செலவு பெரும்பாலும் யாராலும் தாங்க முடியாததாக இருக்கும். ஓவியத்தைப் போல, சிலையைப் போல, தொடாமல் வைத்தால் நிற்கும் பொருள் அல்ல இது. தேரோடு ஒப்பிடலாம். ஓடாத தேரின் அச்சு எந்த நிலையில் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

மீட்பு 1950-களில் தொடங்கியது, அதுவும் அருங்காட்சியகங்களிலிருந்து அல்ல. ஹை-ஃபை ஒலிக்கருவிகள் வீடுகளுக்குள் நுழைந்த காலம் அது. புதிய ஒலிபெருக்கியின் திறனைக் காட்ட, அடிவயிற்றை அதிரவைக்கும் ஆழ்ந்த ஒலியும் காதை வருடும் உச்ச ஒலியும் ஒன்றாகக் கிடைக்கும் இசைத்தட்டு தேவைப்பட்டது. ஜார்ஜ் ரைட் என்ற கலைஞர் திரையரங்கு ஆர்கனில் வாசித்த தட்டுகள் அந்தத் தேவையைத் தீர்த்து அமோகமாக விற்றன. 1955-இல் அமெரிக்காவில் ஆர்வலர்கள் சேர்ந்து சங்கம் கண்டார்கள். இன்றைய அமெரிக்கத் திரையரங்கு ஆர்கன் சங்கம் அதுதான். பிரிட்டனில் சினிமா ஆர்கன் சங்கம் அதற்கு மூன்றாண்டு முன்பே தோன்றியிருந்தது. இடிபடும் அரங்குகளிலிருந்து ஆர்கனைச் சொற்ப விலைக்கு வாங்கி, லாரியில் ஏற்றி, வீட்டுக் கூடத்திலும் நிலவறையிலும் பொருத்திக்கொண்டவர்கள் பொறியாளர்கள், மின்பணியாளர்கள், கடைக்காரர்கள். வீட்டில் இடம் போதாதபோது இன்னொரு வழி திறந்தது. 1960-களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் ஹேவர்டில் ஒரு பீட்சாக் கடை ஆர்கனை வைத்து வாடிக்கையாளர்களை இழுத்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் அமெரிக்கா முழுவதும் டஜன் கணக்கான உணவகங்கள் அதே வழியில் போயின. சாப்பிட வந்தவர்களின் காசில் தோல் மாற்றப்பட்டது, குழல் துடைக்கப்பட்டது, வாசிப்பவருக்கு மாதச் சம்பளம் கிடைத்தது. இளம் கலைஞர்கள் வாரத்தில் ஐந்தாறு நாள் மக்கள் முன்னால் வாசித்துப் பழகிய பள்ளிகள் அவை. எந்த இசைக் கல்லூரியும் தராத பயிற்சி அது.

வேலை கிடைத்த ஆர்கன் தன்னை மட்டுமல்ல, தன் வீட்டையும் காப்பாற்றும் என்பதற்கு அட்லாண்டாவைவிட நல்ல சான்று கிடையாது. ஃபாக்ஸ் அரங்கு ஏறக்குறைய 4,600 இருக்கைகள் கொண்ட மாளிகை. மூரிஷ் பாணிக் கோட்டைபோல் கட்டி, உள்கூரையை நட்சத்திரம் மினுங்கும் வானமாக்கியிருந்தார்கள். அங்குள்ள ஆர்கனில் 42 வரிசைகள், 3,622 குழல்கள். செய்தது மோலர் நிறுவனம் என்பதால் செல்லமாக 'மைட்டி மோ' என்பார்கள். 1950-களின் நடுவில் அது ஊமையாகிவிட்டது. 1963-இல் ஜோ பாட்டன் என்ற ஆர்வலர் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு மாதக்கணக்கில் உழைத்து அதை மறுபடி பேச வைத்தார். அதன்பின் நகரத்தார் அந்தக் கட்டடத்துக்கு வெறும் படம் பார்க்க மட்டும் வரவில்லை. 1974-இல் தொலைபேசி நிறுவனம் ஒன்று தன் தலைமையகத்துக்காக அந்த இடத்தை வாங்க முனைந்தபோது, ஆர்கனைப் பழுதுபார்த்தவரே மீட்பு முயற்சியின் முன்வரிசையில் நின்றார். 'அட்லாண்டா லேண்ட்மார்க்ஸ்' என்ற அமைப்பு உருவாகி மறு ஆண்டே அரங்கை வாங்கியது. முழுப் புகழையும் ஆர்கனுக்கே கொடுத்துவிட முடியாதுதான். பள்ளிப் பிள்ளைகளிலிருந்து ராக் இசைக்குழுக்கள்வரை பலர் நிதி திரட்டினார்கள். இருந்தாலும், பதினோரு ஆண்டு முன்னதாகவே அந்தக் கட்டடத்தின் கூரைவரை ஏறி இறங்கி, அதன் ஒவ்வொரு மூலையையும் தெரிந்துவைத்திருந்த ஒரு கூட்டம் இருந்ததற்குக் காரணம் ஆர்கன்தான். இன்று ஃபாக்ஸ் அமெரிக்காவின் பரபரப்பான மேடையரங்குகளில் ஒன்று. கோடைக்காலப் படக்காட்சிகளுக்கு முன்னால் மைட்டி மோ எழும்பி வர, கூட்டம் சேர்ந்து பாடுகிறது.

எல்லா இடத்திலும் இப்படி நடந்துவிடவில்லை. நியூயார்க் பாரமவுண்ட் அரங்குக்காக 1926-இல் வுர்லிட்சர் 36 வரிசை ஆர்கன் ஒன்றைச் செய்தது. ஜெஸ்ஸி கிராஃபோர்டு வாசித்துப் புகழ்பெற்றது அது. அதே அமைப்பில் டெட்ராய்ட், செயின்ட் லூயிஸ், புரூக்ளின், சான்பிரான்சிஸ்கோ ஆகிய நான்கு ஃபாக்ஸ் அரங்குகளுக்கும் செய்து கொடுத்தார்கள். ஒரே குடும்பத்தில் ஐந்து உடன்பிறப்புகள், ஐந்து விதி. செயின்ட் லூயிஸில் ஆர்கன் கலைஞர் ஸ்டான் கான் 1950-களிலிருந்து ஆண்டுக்கணக்கில் விடாமல் வாசித்துவந்தார். அரங்கு 1982-இல் புதுப்பிக்கப்பட்டபோது ஆர்கன் இடத்திலேயே இருந்தது. டெட்ராய்ட் ஃபாக்ஸும் 1988-இல் புத்துயிர் பெற்றது. புதுப்பித்தவர்கள் 'லிட்டில் சீசர்ஸ்' பீட்சா முதலாளிகள் என்பதை எழுதாமல் விட மனம் வரவில்லை. சான்பிரான்சிஸ்கோவில் நள்ளிரவுக் கச்சேரிகளுக்கு ரசிகர்கள் திரண்டும் 1963-இல் கட்டடம் இடிக்கப்பட்டது. வாசிப்பு கட்டடத்தைக் காக்கும் என்ற வாதத்துக்கு இது நேர் எதிர்ச் சான்று, மறைக்கத் தேவையில்லை. ஆனால் ஆர்கனின் மதிப்பை அத்தனை பேர் காதால் அறிந்திருந்ததால் அது பழைய இரும்புக் கடைக்குப் போகவில்லை. கை மாறிக் கை மாறி, 1999-இல் ஹாலிவுட்டின் எல் கேப்பிடன் அரங்கில் குடியேறியது. பாரமவுண்ட் ஆர்கன் கான்சாஸின் விச்சிட்டா நகர அரங்கத்துக்கு 1972-இல் போய்ச் சேர்ந்தது. புரூக்ளினின் அரங்கு இடிக்கப்பட்டதும் அதன் ஆர்கன் பாகம் பாகமாகச் சிதறியது. இடம்பெயர்வது இழப்புதான். குழல்களின் குரலை அந்தந்த அரங்கின் கன அளவுக்கும் எதிரொலிக்கும் ஏற்பத்தான் பதப்படுத்தியிருப்பார்கள். எனினும் வீடு மாறிய ஆர்கனையும் சிதறிய ஆர்கனையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

கடலுக்கு அப்பால் பிளாக்பூலில் கதை இன்னும் தெளிவு. இங்கிலாந்தின் அந்தக் கடற்கரை ஊரில் கோபுர நடனக்கூடத்தின் வுர்லிட்சருக்குப் படத்தோடு தொடர்பே இல்லை. அதன் வேலை ஜோடிகளை ஆட வைப்பது. ரெஜினால்டு டிக்சன் 1930-இல் அங்கே வந்து 1970 வரை நாற்பது ஆண்டுகள் வாசித்தார். ஊமைப் பட ஆர்கனில் பழகியவர்கள் இழைந்து குழைந்து வாசிக்க, இவர் கால் தாளத்தைக் கூர்மையாக வெட்டி வைத்தார். பி.பி.சி. வானொலி அதை நாடெங்கும் கொண்டுபோனது. பேசும் படம் வந்து அமெரிக்கத் திரையரங்குகளில் ஆர்கன் ஓய்ந்த ஆண்டுகளில் இங்கே கூட்டம் கூடியது. 1956-இல் தீப்பிடித்துக் கூடம் பெரும் சேதமடைந்தது. பழையபடி கட்டி இரண்டே ஆண்டில் திறந்தார்கள். கூடத்துக்கு ஆட வருபவர்கள் இருந்தார்கள், அதனால் திருப்பிக் கட்ட முதலாளிக்குக் காரணமும் இருந்தது. இன்றும் அங்கே ஆர்கனுக்குத்தான் நடனம்.

இனி எதிர்வாதங்கள். அவற்றில் கனமானது மாற்றம் பற்றியது. மேசா ஆர்கனில் இப்போது எண்பதை ஒட்டிய வரிசைகள். அவற்றில் பெரும்பகுதி வேறு ஆர்கன்களிலிருந்து வந்து சேர்ந்தவை. 1927-இல் டென்வரில் ஒலித்தது எப்படி இருந்தது என்பதை இதைக் கேட்டு யாரும் அறிய முடியாது. ஒன்றைப் பெரிதாக்கப் பலவற்றைப் பிரித்தார்கள் என்ற குற்றச்சாட்டிலும் உண்மை உண்டு. இதற்கு என் பதில், மாற்றங்களையெல்லாம் ஒரே கூடையில் போடக்கூடாது என்பது. தோலை மாற்றுவது மாற்றமே அல்ல; செய்தவர்களே எதிர்பார்த்த பராமரிப்பு அது. பழைய தொடர்புப் பெட்டியை எடுத்துவிட்டு மின்னணுச் சுற்றைப் பொருத்துவது நடுத்தரம். பழையதை எறியாமல் பக்கத்து அறையில் வைத்தால் நாளை திருப்பிப் போடலாம், கேட்பவர் காதுக்கு வேறுபாடும் தெரியாது. குழலின் வாயை வெட்டிக் குரலை மாற்றுவதுதான் திரும்பாத வழி. அங்கே கண்டிப்பு வேண்டும். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே எஞ்சி நிற்கும் ஒருசில ஆர்கன்கள் இருக்கின்றன. அவற்றில் ஒரு வரிசையைக்கூடக் கூட்டக்கூடாது. மூல நிலை எப்படியிருந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்க அவையே அளவுகோல். ஆனால் அந்த ஒருசிலவற்றுக்குரிய சட்டத்தை எல்லாவற்றுக்கும் விதித்தால், வீடிழந்த நூற்றுக்கணக்கான ஆர்கன்களுக்குக் கிடங்கைத் தவிர வேறு போக்கிடம் இல்லை. கிடங்கில் என்ன நடக்கும் என்று மேலே பார்த்தோம். லண்டன் எலிஃபண்ட் அண்டு காசில் பகுதியின் டிரோகடேரோ அரங்குக்கு 1930-இல் வந்த 21 வரிசை வுர்லிட்சரின் கதையும் இதைத்தான் சொல்கிறது. அரங்கு 1963-இல் இடிக்கப்பட்டபின் அது ஒரு பாலிடெக்னிக் கட்டடத்தில் இருந்து, பிறகு பெட்டிகளுக்குள் முடங்கியது. கடைசியில் கிழக்கு லண்டனின் டிராக்சி அரங்கில் அதைப் பொருத்தினார்கள். டிராக்சி இன்று கல்யாணமும் கச்சேரியும் விருது விழாவும் நடக்கும் கூடம். தூய்மைவாதிக்கு அது சரியான முகவரி அல்ல. ஆர்கனுக்குச் சரியான முகவரி.

இன்னொரு எதிர்வாதம் இந்தக் காலத்துக்கு உரியது. ஒவ்வொரு குழலையும் தனித்தனியே பதிவு செய்து கணினியில் ஏற்றிவிட்டால், ஒப்பீட்டில் சொற்பச் செலவில் ஒரு வீட்டு அறையில் வுர்லிட்சர் கிடைத்துவிடுமே, எதற்கு இத்தனை டன் மரமும் ஈயமும் என்கிறார்கள். வீட்டில் பழக அது மிக நல்ல வசதி, சந்தேகமில்லை. இரவு பதினொரு மணிக்கு அண்டை வீட்டாரை எழுப்பாமல் வாசிக்கலாம். ஆனால் பதிவு என்பது ஒரு குறிப்பிட்ட நாளின் நிழல். பதிவு செய்ய நல்ல நிலையில் ஓர் ஆர்கன் முதலில் எங்கேயோ உயிரோடிருக்க வேண்டும். மேலும், நிஜ ஆர்கனில் பத்து விரல்களும் ஒன்றாக விழும்போது காற்று சற்றே தளும்பும். குழலறையை மூடியிருக்கும் ஷட்டர்கள் திறக்கும்போது ஒலி கூடுவதோடு நிறமும் மாறும். அறை சூடேறினால் புல்லாங்குழல் வகைக் குழல்களின் சுருதி ஏறும், நாக்குக் குழல்கள் அந்த அளவுக்கு உடன் ஏறாது. சுருதி சேர்ப்பவர் இதற்காகவே காட்சி நேரத்து வெப்பத்தில்தான் வேலை செய்ய விரும்புவார். இவற்றைக் குறை என்று பட்டியலிடலாம். தம்பூராவின் தந்தியில் நூல் வைத்து ஜீவா பார்த்துப் பழகிய காதுகளுக்கு இவை குறையாகத் தோன்றாது.

கேட்க வருகிறவர்கள் முதியவர்கள்தானே, அவர்களும் போனபின் யார் என்ற கேள்விதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பீட்சாக் கடைகளிலேயே பெரும்பாலானவை 1980-களில் மூடிவிட்டன. இடத்தின் வாடகை ஏறியது, புதுமை தேய்ந்தது, பிள்ளைகள் வீடியோ விளையாட்டுப் பக்கம் போனார்கள். இன்று எஞ்சியவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். வேலை கொடுத்தால் பிழைக்கும் என்ற வாதத்தின் மறுபக்கம் இது: வேலை போனால் மறுபடியும் ஆபத்து. ஆகவே சங்கங்கள் ஒரே வகை வேலையை நம்பியிருக்கக்கூடாது. பழைய மெட்டுகளை மட்டும் வரிசையாக வாசிக்கும் கச்சேரிக்குப் பேரப்பிள்ளைகள் வரமாட்டார்கள். அவர்கள் வராததற்கு அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஊமைப் படத்துக்கு வருகிறார்கள். பஸ்டர் கீட்டனின் 'தி ஜெனரல்', 1925-இல் வந்த 'தி ஃபாண்டம் ஆஃப் தி ஓபரா' ஆகியவை நேரடி ஆர்கனோடு காட்டப்படும் இடங்களில் இளைஞர்களைப் பார்க்கலாம். ஹெரால்டு லாய்டின் படங்களுக்கு வாசித்துப் பெயர்பெற்ற கேலர்டு கார்ட்டர், ஊமைப் படக் காலத்திலேயே தொடங்கி முதுமைவரை புதிய தலைமுறைக்கும் வாசித்தார். படத்துக்கு வாசிப்பதுதான் இந்தக் கருவிக்கென்றே அமைந்த வேலை. அதில் அது பழைய பொருளாகத் தெரிவதில்லை. செலவைப் பற்றிய முணுமுணுப்புக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. இந்த மீட்பில் பெரும்பகுதி உழைப்பு சம்பளமில்லாத ஆர்வலர்களுடையது. அரசுப் பணத்தைக் கேட்டு நிற்கும் தொன்மைப் பொருள்கள் பலவற்றைவிட, டிக்கெட்டை விற்றுத் தன் தோலுக்குத் தானே சம்பாதிக்கும் இந்தக் கருவி மேல்.

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிற நம் பெற்றோர்கள் இப்போது ஏராளம். நயாகராவும் லண்டன் பாலமும் பார்த்துவிட்டு மிச்ச நாள்களை எண்ணிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நயாகரா அருவியிலிருந்து அதிகத் தூரமில்லாமல்தான் நார்த் டோனவாண்டா இருக்கிறது. வுர்லிட்சர் தொழிற்சாலை இயங்கிய அந்த ஊரின் ரிவியேரா அரங்கில் 1926-ஆம் ஆண்டு ஆர்கன் இன்றும் வாசிக்கப்படுகிறது. ஹாலிவுட் பக்கம் போனால் எல் கேப்பிடன், லண்டனில் லெஸ்டர் சதுக்கத்து ஓடியன் அரங்கின் 1937-ஆம் ஆண்டுக் காம்ப்டன், நியூயார்க்கில் ரேடியோ சிட்டி. கச்சேரியோ காட்சியோ எந்த நாளில் என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். சீட்டில் போட்டிருக்கும் நேரத்துக்குப் போகாதீர்கள், அரைமணி முன்னதாகப் போய் உட்காருங்கள். ஆர்கன் எழும்பி வருவது படம் தொடங்குவதற்கு முன்னால்தான்.